என் ஃபைலில் இருந்தவள்

அல் குசைஸ், துபாய்
11.2.2005

அன்புள்ள சீதாலட்சுமிக்கு,

உன் கடிதம் இவருடைய ஆபீஸ் தபால் பெட்டியில் நான்கு நாள் கிடந்துவிட்டு நேற்றுதான் என் கைக்கு வந்தது. உன் மகனுக்குப் பெண் அமைந்ததில் மகிழ்ச்சி. கணக்கு படித்த பெண் என்பதில் கூடுதல் மகிழ்ச்சி. இனி வீட்டில் வாதாட உனக்கு ஓர் ஆள் கிடைத்துவிட்டாள்.

இங்கே இவருக்கு முழங்கால் வலி. பள்ளியில் எனக்கு மாதிரித் தேர்வு வேலை. தவளையை இனி அறுக்க வேண்டாம், படம் வரைந்தால் போதும் என்று உத்தரவு வந்திருக்கிறது. தவளைகளுக்கு நல்ல காலம்.

நீ சிரிக்க ஒரு விஷயம் வைத்திருக்கிறேன். போன வாரம் எனக்குக் காய்ச்சல். மூன்று நாள் விடவில்லை. நான் லேசில் டாக்டரிடம் போகிறவள் அல்ல, உனக்குத் தெரியும். இவருடைய கம்பெனி எங்கள் தெருமுனையில் இருக்கும் ஒரு கிளினிக்கோடு ஏற்பாடு செய்து வைத்திருக்கிறது. கம்பெனி கொடுத்த அட்டையைக் காட்டினால் வைத்தியமும் மருந்தும் இலவசம். அட்டையில் படம் கிடையாது. பெயர், எண், முத்திரை, அவ்வளவுதான். நான் அங்கே கடைசியாகப் போய் நான்கு வருடம் இருக்கும்.

மாலை ஐந்து மணிக்குக் கதவு திறந்ததும் போய் அட்டையை நீட்டினேன். வரவேற்பில் இருந்த பெண் ஃபைலை எடுத்துப் புரட்டிவிட்டு, உங்களை இருபத்திரண்டாம் தேதிதானே வரச் சொல்லியிருக்கிறது, ஏன் இவ்வளவு சீக்கிரம் வந்தீர்கள் என்று கேட்டாள். வேறு யாரோ என்று நினைத்துப் பேசுகிறாள் என்று விட்டுவிட்டேன். உள்ளே எடை பார்க்கிற நர்ஸ், ஷாஜினி என்று பெயர், கன்னியாகுமரிக் கடற்கரைப் பக்கத்துப் பெண். அவள் ஃபைலில் இருந்த பெயரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், முகம் வெளுத்துவிட்டது. மெஷின் அறுபத்தெட்டு காட்டியது. அதை அவள் எழுதிக்கொள்ளவில்லை. "மெஷினு சரியில்ல டீச்சர்" என்று மட்டும் சொன்னாள். நான் டீச்சர் என்று அவளிடம் யாரும் சொல்லவில்லை.

டாக்டர் வயதானவர். ஒரு மாலையில் நாற்பது பேரைப் பார்க்கிறார், அதாவது நாற்பது ஃபைலைப் பார்க்கிறார். தலையைத் தூக்குகிற வழக்கம் இல்லை. இன்சுலின் எத்தனை யூனிட் போட்டுக்கொள்கிறீர்கள் என்றார். எனக்குச் சர்க்கரை கிடையாது என்றேன். எல்லாரும் அப்படித்தான் சொல்லுவார்கள் என்று சிரித்துக்கொண்டே எழுதினார். எடை எவ்வளவு என்றார். நானே சொன்னேன். "போன மாதம் நாற்பத்தேழு, இப்போது அறுபத்தெட்டு. வெரிகுட், வெரிகுட்" என்றார். மூன்று வாரத்தில் ஒரு மனுஷி இருபத்தொரு கிலோ கூடியிருக்கிறாள், அவருக்கு அது வெரிகுட்.

இதுவரை சிரிப்புத்தான். வெளியே வந்தபோது மருந்துக்கடை ஜன்னலிலிருந்து என் முழுப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். உங்கள் மருந்து ஃபிரிட்ஜில் இருக்கிறது, எடுத்துக்கொண்டு போய்விடுங்கள் என்று ஒரு சின்னப் பெட்டியை என் கையில் வைத்தார்கள். ஜுலைஹா பீவி என்று சீட்டு ஒட்டியிருந்தது. ஜில்லென்று இருந்தது. அதைத் திருப்பிக் கொடுத்த பிறகும் வீடு வரும்வரை உள்ளங்கையில் அந்தக் குளிர் போகவில்லை. காய்ச்சல் உடம்பு, அதனால் இருக்கும்.

ஃபைலின் நகல் வேண்டும் என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன். கவனக்குறைவுக்கும் ஓர் அளவு உண்டு. புகார் செய்யாமல் விடுவதாக இல்லை.

உன் வீட்டாருக்கு என் அன்பு.

இப்படிக்கு,
ஜுலைஹா


அல் குசைஸ்
11.3.2005

அன்புள்ள சீதா,

இந்தக் கடிதத்தை வாசித்ததும் உடனே பதில் போடு. போனில் பேச முடியாது, இவர் பக்கத்திலேயே இருக்கிறார்.

நகல் கிடைத்தது. இரண்டு முறை அலைந்து, மூன்றாவது முறை மேனேஜரின் மேசை எதிரில் அசையாமல் உட்கார்ந்த பிறகு கொடுத்தார்கள். போன ஜூலை முதல் இந்த ஜனவரி வரை பதினோரு முறை நான் அங்கே போயிருக்கிறேன். ஒரு முறைகூட நான் போகவில்லை. அந்த மாதங்களில் ஒன்றில் நான் இந்த ஊரிலேயே இல்லை. கீழக்கரையில் என் தம்பி மகள் கல்யாணத்தில் இருந்தேன்.

ஜூலையில் என் எடை ஐம்பத்தொன்று. பிறகு நாற்பத்தெட்டு, நாற்பத்தைந்து, நாற்பத்து மூன்று. நவம்பரில் நாற்பத்திரண்டு. ராத்திரியில் ஆறேழு தடவை எழுந்திருக்கிறேன். கால் விரல்கள் மரத்துப் போயிருக்கின்றன. கண் மங்குகிறது. நவம்பரில் இன்சுலின் ஆரம்பித்திருக்கிறார்கள். டிசம்பரில் நாற்பத்து நான்கு, ஜனவரியில் நாற்பத்தேழு. வாத்தியார் புத்தி, கட்டத் தாளில் புள்ளி வைத்துக் கோடு இழுத்துப் பார்த்தேன். ஒரு பள்ளம் மாதிரி இறங்கி, கடைசியில் மேலே திரும்புகிறது. என் பெயரைத் திருடியவளுக்கு உடம்பு தேறி வருகிறது.

ஒவ்வொரு வருகைக்கும் கையெழுத்து வாங்கியிருக்கிறார்கள். நாம் எம்.எஸ்ஸி. படிக்கும்போது இனி எங்கேயும் தமிழில்தான் கையெழுத்து என்று முடிவு செய்தோமே, நான் இன்றைக்கும் அப்படித்தான் போடுகிறேன். இவளும் தமிழில்தான் போட்டிருக்கிறாள். ஜூலையில் போட்டது குழந்தை எழுதியது போல இருக்கிறது. மாதம் போகப் போகக் கை திருந்துகிறது. ஜனவரியில் உள்ளது என்னுடையது இல்லை என்று என்னாலேயே சத்தியம் செய்ய முடியாது. 'ஹா'வின் வாலை நான் கொஞ்சம் அலட்சியமாக இழுப்பேன். அந்த அலட்சியமும் வந்திருக்கிறது.

இனி நான் கேட்கப் போவதற்கு நேர்மையாகப் பதில் சொல். முதல் பக்கத்தில், போன ஜூலையில், பழைய விவரங்கள் கேட்டு எழுதியிருக்கிறார்கள். பிரசவம் ஒன்று. பெண். உயிருடன் இல்லை.

1983இல் நடந்ததை இந்த ஊரில் நான் யாரிடமும் சொன்னதில்லை. என் உம்மாவும் போய்விட்டார்கள். இன்று அது தெரிந்தவர்கள் இவரும் நீயும்தான். நீ யாரிடமாவது ஒரு பேச்சுக்காவது சொன்னாயா? கோபித்துக்கொள்ள மாட்டேன். சொன்னேன் என்று நீ எழுதினால் எனக்கு நிம்மதியாகத்தான் இருக்கும்.

இவரிடம் அந்தப் பக்கத்தைக் காட்டவில்லை. மற்றதைக் காட்டினேன். அவருக்கு வேறு பயம். "கம்பெனி கார்டு புள்ள. நாமதான் குடுத்து அனுப்புனோம்னு சொல்லிட்டான்னா? விசா வேற புதுப்பிக்கணும். உனக்கு எதுக்கு இந்த வம்பு?" என்கிறார். என்னுடைய பெயரில் என்னென்ன வியாதி ஏறுகிறது என்று கேட்பது எப்படி வம்பாகும்? நாளைக்கு நான் மயங்கி விழுந்தால், ஃபைலைப் பார்த்துவிட்டு எனக்கு இன்சுலின் குத்துவார்கள். செத்துப் போவேன்.

மூன்று பக்கத்தில் புகார் எழுதி மேனேஜரிடம் ஒன்றும் கம்பெனிக்கு ஒன்றும் கொடுத்துவிட்டேன். தேதி, எடை, கையெழுத்து எல்லாம் வரிசைப்படுத்தியிருக்கிறேன். பதினைந்து நாளில் பதில் வராவிட்டால் சுகாதாரத் துறைக்குப் போவேன் என்றும் எழுதினேன். மேனேஜர் வாங்கிப் படித்துவிட்டு, நல்ல இங்கிலீஷ் என்றார்.

ஓர் அல்பமான விஷயம். நேற்றுக் குளியலறைத் தராசில் ஏறிப் பார்த்தேன். அறுபத்தாறு. காய்ச்சலில் சாப்பிடவில்லை, வேறொன்றுமில்லை. இருந்தாலும் இப்போது தினமும் ஏறிப் பார்க்கிறேன்.

பதில் போடு.

உன்
ஜுலைஹா


அல் குசைஸ்
15.4.2005

அன்புள்ள சீதா,

உன் பதில் கிடைத்தது. நீ சொல்லவில்லை என்றால் சொல்லவில்லைதான். உன்னைக் கேட்டதற்காக வெட்கப்படுகிறேன்.

நடந்ததை வரிசையாக எழுதுகிறேன். வரிசை தவறினால் எனக்கே புரியாது.

மார்ச் கடைசியில் கிளினிக்கிலிருந்து கடிதம் வந்தது. புகாரில் உண்மை இருக்கிறது, வருந்துகிறோம், அந்த ஃபைல் மூடப்பட்டது, இனி புதிய எண், சம்பந்தப்பட்ட ஊழியர் மேல் நடவடிக்கை எடுக்கப்பட்டது. நான்கே வரி. இவரிடம் காட்டி, பார்த்தீர்களா என்றேன். சரியானது சரியான இடத்தில் போய் உட்கார்ந்துவிட்டது என்று எனக்குத் திருப்தி.

அதற்கு மூன்று நாள் கழித்து மத்தியானம் போன் அடித்தது. எடுத்தேன். அடுப்புச் சத்தமும் பெரிய மின்விசிறி ஓடுகிற சத்தமும் கேட்டன. யாரும் பேசவில்லை. யார் என்று கேட்டேன். இரண்டாவது முறை கொஞ்சம் அதட்டிக் கேட்டேன். ஒரு பெண், தயங்கி, பழக்கப்பட்ட பதில் போலச் சொன்னாள்: "ஜுலைஹா பீவிங்க."

போனை வைத்துவிட்டேன். சீதா, நான் வைத்துவிட்டேன். மறுபடி அடித்தது, எடுக்கவில்லை. சாயங்காலம் இவர் வரும்வரை ஹாலுக்கே போகவில்லை. பிள்ளைகளுக்கு நரம்பு மண்டலம் நடத்துகிறவள், ஒரு கருப்பு போனுக்குப் பயந்து சமையலறையில் நின்றுகொண்டிருந்தேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை ஷாஜினி வீட்டுக்கு வந்தாள். இவர் ஜும்மாவுக்குப் போயிருந்தார். நாற்காலியைக் காட்டியும் அவள் உட்காரவில்லை. "நான் ஒண்ணு சொல்லணும் டீச்சர். சொன்னா திட்டுவீங்க. நல்லா திட்டுங்க. ஆனா முழுசையும் கேட்டுட்டுத் திட்டுங்க" என்றாள்.

எல்லாம் செய்தவள் அவள்தான். வீட்டு வேலைக்கு வந்து, அடி தாங்காமலோ சம்பளம் வராமலோ வெளியே ஓடி வந்த பெண்கள் இந்த ஊரில் நிறைய. பாஸ்போர்ட் கஃபீலிடம், அதாவது வேலைக்கு எடுத்த அரபியிடம் இருக்கும். கையில் ஒரு காகிதம் இல்லாதவர்களை எந்த டாக்டரும் தொட மாட்டார். ஆகவே ஷாஜினி ஒரு வழி வைத்திருந்தாள். நான்கைந்து வருடமாக வராத ஃபைல்களைத் தேடுவாள். வயது ஒத்து வந்தால் அந்தப் பெயரை உதவி கேட்டு வந்தவளுக்குக் கொடுப்பாள். பெயர், புருஷன் பெயர், பிறந்த தேதி எல்லாம் மனப்பாடம் செய்ய வேண்டும். கையெழுத்துப் பழக வேண்டும். அட்டை இல்லாததை வரவேற்பில் ஷாஜினியே சமாளித்துவிடுவாள். "உங்க பேர வாங்கினவளுக்குத் தமிழ் மட்டுந்தான் எழுத வரும் டீச்சர். மத்த எல்லாரும் இங்கிலீஷுல போட்டிருக்காங்க. உங்க ஒரு ஃபைலுலதான் தமிழ் கையெழுத்து இருந்துது" என்றாள்.

அவள் பெயர் நாகவள்ளி. நாற்பத்தாறு வயது. பரமக்குடிப் பக்கம். அல் முகைஸ்னாவில், எல்லாரும் சோனாப்பூர் என்கிற அந்த லேபர் கேம்ப் பகுதியில், ஒரு மெஸ்ஸில் சமையல் வேலை. முதலில் வந்தபோது நடக்க முடியாமல் சுவரைப் பிடித்துக்கொண்டு வந்தாளாம். "அவளுக்க கைய பாத்தா உங்களால சோறு உண்ண முடியாது டீச்சர். நவம்பருல ஊசி தொடங்கின பெறவுதான் முகத்துல களை வந்துது. இப்ப மூணு வாரமா புது ஊசி இல்ல. மிச்சம் இருந்தத பாதிப் பாதியா போட்டுக்கிட்டு இருக்கா. அது தீந்தா செத்துப் போவும்."

அந்த டீச்சருக்கு ஒரு போன் பண்ணிக் கேட்டுப் பார்க்கிறேன், நல்லவங்களா இருந்தா மருந்து வாங்கித் தருவாங்க என்று நாகவள்ளி சொன்னாளாம். போன் பண்ணினாளா என்று ஷாஜினி என்னைக் கேட்டாள். பண்ணினாள் என்றேன்.

ஷாஜினிக்கு வேலை போய்விட்டது. இந்த மாதக் கடைசியில் ஊருக்கு அனுப்புகிறார்கள். அதைப் பற்றி அவள் ஒன்றும் சொல்லவில்லை. நான்தான் கேட்டுத் தெரிந்துகொண்டேன்.

அவள் போன பிறகு கட்டத் தாளை எடுத்துப் பார்த்தேன். மேலே திரும்பிய அந்த மூன்று புள்ளிகள். போன கடிதத்தில் அதைப் பற்றி உனக்கு என்ன எழுதினேன் என்பது ஞாபகம் இருக்கிறது. அந்தக் கடிதத்தைக் கிழித்துவிடு.

மறுநாள் மாலை கிளினிக்குக்குப் போய்ப் புகாரைத் திரும்பப் பெறுகிறேன் என்றேன். மேனேஜர் காரணம் எழுதச் சொன்னார். அந்தப் பதினோரு வருகையும் என்னுடையவைதான், வயது காரணமாக மறந்துவிட்டேன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். இப்போதும் நல்ல இங்கிலீஷ்தான். அவர் நம்பவில்லை. ஆனால் அவருக்கும் அது வசதியாக இருந்தது. ஷாஜினியைத் திரும்ப எடுப்பீர்களா என்றேன். அது வேறு விஷயம் மேடம் என்றார்.

ஃபைலைத் திறந்தார்கள். டாக்டரின் எதிரில் உட்கார்ந்தேன். ராத்திரி எத்தனை தடவை எழுந்திருக்கிறீர்கள் என்றார். ஏழு என்றேன். கால் விரல் மரத்திருக்கிறதா? இருக்கிறது. கண்? மங்கல். எல்லாம் எனக்கு வாயிலேயே இருந்தது. சொல்லச் சொல்ல விரல் நுனிகளில் உண்மையாகவே ஒரு மரமரப்பு ஏறியது. அவர் தலையைத் தூக்கவில்லை. இரண்டு புட்டி எழுதினார். சீட்டில் கையெழுத்துப் போட்டேன். அவளுடையதைப் பார்த்து நான் போட்ட மாதிரி இருந்தது.

ஃபிளாஸ்கில் ஐஸ் போட்டு, டாக்ஸி பிடித்து முகைஸ்னாவுக்குப் போனேன். கம்பெனி பஸ்கள் வரிசையாக ஆட்களை இறக்கிக்கொண்டிருந்தன. இத்தனை வருடத்தில் என் வீட்டிலிருந்து பத்து நிமிஷத்தில் இருக்கும் அந்த இடத்துக்கு நான் போனதே இல்லை. மெஸ்காரர் பழனிச்சாமி, கோயம்புத்தூர்ப் பக்கத்துக்காரர். நாகவள்ளி என்று கேட்டேன். அப்படி யாரும் இல்லைங்களே என்றார். பரமக்குடி, ஒல்லியாக இருப்பாள், சர்க்கரை என்றதும் முகம் மாறியது.

"அட, நம்ம ஜுலைஹாக்காங்களா? அவங்க போயி ஒரு வாரம் ஆச்சுங்க. ஆஸ்பத்திரியில எதோ புகாராம், போலீசு வந்தா உங்களுக்கும் கஷ்டம்னு சொல்லிட்டு, வேண்டாம் வேண்டாம்னு சொல்லச் சொல்லக் கெளம்பிட்டாங்க. நல்ல மனுஷிங்க. தலையில முக்காடு இல்லாம அடுப்புக்கிட்ட வரமாட்டாங்க. நோம்பு மாசம் பூரா நோம்பு வேற. சுகர வெச்சுக்கிட்டு எதுக்குங்கக்கா இதுன்னு கேட்டா, இந்தப் பேர வாங்கிட்டேன், சும்மா இருக்க முடியுமான்னு சிரிப்பாங்க. எனக்கு அப்பப் புரியலைங்க."

சீதா, நான் நோன்பு வைத்து எத்தனை வருடம் என்று உனக்குத் தெரியும். என் பெயரில் ஒருத்தி முப்பது நாளும் வைத்திருக்கிறாள். அந்த மாதத்தில்தான் எடை நாற்பத்திரண்டு.

நீங்க அவங்களுக்கு யாருங்க என்று அவர் கேட்டார். என் பெயரைச் சொல்ல வாய் எடுத்தேன். அந்தப் பெயருக்கு அங்கே வேறொரு முகம் இருந்தது. தெரிந்தவள் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

புட்டிகள் என் ஃபிரிட்ஜில், தயிருக்குப் பக்கத்தில் இருக்கின்றன. இவரும் பார்த்துவிட்டார். போன் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறேன். இந்த முறை எடுத்துவிடுவேன்.

ஜுலைஹா


அல் குசைஸ்
20.5.2005

அன்புள்ள சீதா,

உன் இரண்டு கடிதத்துக்கும் பதில் போடவில்லை. கல்யாண வேலைக்கு நடுவில் உனக்கு இந்தக் கவலையும் வேண்டாம் என்றுதான் இருந்தேன். இப்போது உன் உதவி தேவைப்படுகிறது.

ஏப்ரல் இருபத்தேழாம் தேதி போன் வந்தது. அவள் இல்லை. ஒரு பெரிய அரசு ஆஸ்பத்திரி. ஜுலைஹா பீவி என்ற நோயாளி நினைவில்லாமல் பஸ் நிறுத்தத்தில் கிடந்தார், பையில் ஒரு கிளினிக் சீட்டில் இந்த எண் இருந்தது, நீங்கள் அவருக்கு உறவா என்று கேட்டார்கள். ஆமாம் என்றேன்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் படுத்திருந்தாள். நான் இப்போதுதான் அவளை முதல் முறை பார்க்கிறேன். என்னைப் போல இல்லை, சீதா. கறுப்பு, நீள முகம், முன்பல் ஒன்று உடைந்திருந்தது. மணிக்கட்டில் பிளாஸ்டிக் பட்டை. அதில் என் பெயர், என் பிறந்த தேதி. தலைமாட்டுப் பலகையிலும் அதே. நான் வாசித்து முடிக்கும்வரை நர்ஸ் பொறுத்திருந்துவிட்டு, வருகைப் புத்தகத்தை நீட்டி, உங்கள் பெயர் என்ன என்றாள். ஒரே பெயரை இரண்டு பேருக்கு எழுத முடியாது. நாகவள்ளி என்று எழுதினேன். தங்கை என்றும் எழுதினேன்.

இரண்டு நாளில் பாஸ்போர்ட் கொண்டுவராவிட்டால் போலீசுக்குத் தெரிவிப்போம் என்றார்கள். என்னுடையதைக் கொண்டு போனேன். எட்டு வருடப் பழைய படம். கவுண்டரில் இருந்தவர் எழுந்து வந்து, கண்ணாடி வழியாக அவளையும் படத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். பக்கத்தில் நின்ற என்னை ஒரு முறையும் பார்க்கவில்லை. பாவம், ரொம்ப இளைத்துவிட்டார் என்று சொல்லி நகல் எடுத்துக்கொண்டார். எனக்கு நிம்மதி வந்திருக்க வேண்டும். வரவில்லை. அங்கே படுத்திருப்பது நான்தான் என்று ஓர் ஆள் சீல் வைத்துக் கொடுத்துவிட்டார்.

நாலாம் நாள் கண் விழித்தாள். நீங்க யாருக்கா என்றாள். என்ன சொல்வது? டீச்சர் என்றேன். என் முகத்தைப் பார்த்து, "உங்க பேரக் கெடுத்துட்டேனாக்கா?" என்று கேட்டாள். நான்தான் மன்னிப்புக் கேட்க வேண்டும், போனை வைத்தது நான் என்றேன். "பேய்னு நெனச்சீகளோ?" என்று சிரித்தாள். அந்த உடைந்த பல் தெரிந்தது. ஆமாம் என்று சொல்லாமல் வேறு பேச்சுக்குப் போய்விட்டேன்.

கேட்கக் கூடாது என்றுதான் நினைத்தேன், ஆனாலும் கேட்டேன். ஃபைலில் குழந்தை இறந்துவிட்டதாக ஏன் சொன்னாய் என்று. அவளுக்கு ஒரே மகள். விஜி. பத்தொன்பது வயது. உயிரோடு, எமனேசுவரத்தில் சித்தி வீட்டில் இருக்கிறாள். "நர்ஸு கேட்டுச்சுக்கா, எத்தன புள்ளன்னு. எம் பேரு, எம் புருஷன் பேரு, பொறந்த தேதி எல்லாத்தையும் மாத்திச் சொல்லியாச்சு. எம் மகளையும் இன்னொருத்தி மகளா சொல்ல வாய் வரல. அதான் ஒண்ணு பொறந்துச்சு, இப்ப இல்லன்னுட்டேன். அன்னைக்கு ராத்திரி பூரா ஏன் சொன்னோம்னு அழுதேன்." அவள் பொய் சொன்னாள். அந்தப் பொய் என் வாழ்க்கையில் உண்மையாக இருந்தது. இதற்கு மேல் இதில் எதுவும் இல்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன்.

இப்போது அவள் நிலைமை. வலது காலில் புண் புரையேறி இரண்டு விரலை எடுத்துவிட்டார்கள். சிறுநீரகம் சரியாக வேலை செய்யவில்லை. இரண்டு நாள் நன்றாக இருக்கிறாள், கஞ்சி குடிக்கிறாள், பழனிச்சாமி மெஸ்ஸில் உப்புப் போடத் தெரியாதவனை வைத்திருப்பார் என்று கவலைப்படுகிறாள். அடுத்த இரண்டு நாள் யாரையும் அடையாளம் தெரிவதில்லை. டாக்டர்கள் ஒன்றும் உறுதியாகச் சொல்லவில்லை. இங்கே இருக்கும் டாக்டர் தலையைத் தூக்கிப் பார்க்கிறார், முகத்தைப் பார்த்துத்தான் பேசுகிறார். அதனாலேயே அவர் சொல்லாமல் விடுவது எனக்குப் புரிகிறது.

போன செவ்வாய்க்கிழமை தெளிவாக இருந்தாள். என் கையைப் பிடித்துக்கொண்டு ஒன்று சொன்னாள். "பொழச்சா உங்க பேர்லயே வெளிய போயிர்றேன்க்கா. யாருக்கும் தொந்தரவு வேணாம். செத்தா மட்டும் எம் பேர்ல அனுப்பிருங்க. விஜி வேற பேரப் பாத்து, இது எங்கம்மா இல்லன்னு சொல்லிருச்சுன்னா?"

இவரிடம் முதல் தடவையாக எல்லாவற்றையும் சொன்னேன். முதல் பக்கத்தையும் காட்டினேன். வாசித்துவிட்டு மடித்து என் கையிலேயே வைத்தார். பிறகு, அவள் இறந்தால் நாம் உண்மையைச் சொல்லியாக வேண்டும், சொன்னால் பாஸ்போர்ட்டைக் கொடுத்ததற்கு உன்னைப் பிடிப்பார்கள், என் வேலையும் போகும், சொல்லாவிட்டால் உன் பெயரில் அவளை இங்கேயே அடக்கிவிடுவார்கள், உயிரோடு இருக்கிற உனக்கு மையித்துச் சான்றிதழ் வரும் என்று கணக்குப் பார்க்கிற மாதிரி ஒவ்வொன்றாகச் சொன்னார். என்ன செய்யலாம் என்று கேட்டேன். சொல்லிவிடலாம் புள்ள என்றார். இருபத்தாறு வருடத்தில் இந்த மனுஷரை எனக்குச் சரியாகத் தெரியவில்லை.

ஆனால் வெறும் வாயால் சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். காகிதத்தில் அவள்தான் ஜுலைஹா, வருகைப் புத்தகத்தில் நான்தான் நாகவள்ளி. அவள் ஓடி வந்த வீட்டின் விலாசம்கூட அவளுக்குச் சரியாகத் தெரியவில்லை. ஷாஜினி போன மாதமே ஊருக்குப் போய்விட்டாள். ஆகவே ஒரு நாள் ஒதுக்கி நீ எமனேசுவரத்துக்குப் போக வேண்டும். விலாசத்தைத் தனித் தாளில் எழுதியிருக்கிறேன். ரேஷன் கார்டு, வாக்காளர் அட்டை, அவள் முகம் தெளிவாகத் தெரிகிற ஒரு போட்டோ, எது கிடைத்தாலும் நகல் எடுத்து இவருடைய ஆபீஸ் ஃபாக்ஸ் எண்ணுக்கு அனுப்பு. அவள் ஜாடை பிடிபடுகிற படமாக இருக்கட்டும். என்னுடைய படத்தை ஒருவர் அவளாக எடுத்துக்கொண்டார், இனி அந்தத் தவறு நடக்கக் கூடாது.

விஜியிடம் அம்மா ஆஸ்பத்திரியில் இருக்கிறாள், கூட ஆள் இருக்கிறது என்று மட்டும் சொல். அழுதால் அழட்டும். கூட இருப்பது யார் என்று கேட்டால் டீச்சர் என்று சொல்.

இன்னொன்று. எப்போது வேண்டுமானாலும் இங்கிருந்து உனக்கு ஒரு செய்தி வரலாம். இவருடைய ஆபீஸிலிருந்தோ, கீழக்கரையிலிருந்தோ, யாராவது போன் செய்து ஜுலைஹா பீவி தவறிவிட்டாள் என்று சொல்லக்கூடும். அதைக் கேட்டதும் என் தம்பி வீட்டுக்குக் கிளம்பிவிடாதே. முதலில் எமனேசுவரத்துக்குப் போ. அந்தப் பெண் பக்கத்தில் உட்கார். அங்கே யாரும் வந்திருக்க மாட்டார்கள்.

நான் யாருக்காகவும் துஆ கேட்டுப் பழக்கமில்லாதவள். ஆனாலும் உன் மகனும் வரப்போகிற மருமகளும் அவரவர் பெயரோடு நெடுநாள் நன்றாக இருக்கட்டும்.

நாளைக்கு நாலு மணிக்கு ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். சீக்கிரம் அனுப்பு, சீதா.

உன்
ஜுலைஹா